ஒரே வார்ப்பில் எட்டு முழங்கால்

எங்கள் தொழிற்பேட்டையில் பம்ப் வார்ப்பவர்கள் இருக்கிறார்கள், மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுபவர்கள் இருக்கிறார்கள், கிரைண்டருக்குக் கல் கொத்துபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மனிதனுடைய முழங்காலுக்குள் வைக்கிற வில்லையை வார்க்கிறவள் துளசிமணி ஒருத்திதான். கோயம்புத்தூர்க்காரன் எந்தச் சாமானையும் திருகிப் பார்க்காமல் வாங்கமாட்டான், அவனுடைய முழங்காலையே திருகிப் பார்க்கத் துணிந்தவள் என்று டீக்கடையில் அவளைப் பற்றிப் பெருமையாகவே பேசிக்கொள்வோம். கம்பெனிப் பலகையில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. அது எங்கள் வாயில் நுழையாததால் ஜவ்வுக் கம்பெனி என்று வைத்துக்கொண்டோம், கூரியர்காரனும் அப்படிக் கேட்டால்தான் வழி கிடைக்கும்.

எலும்பும் எலும்பும் சேருகிற இடத்தில் வழுவழுப்பாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது, அதில் ரத்தமும் ஓடாது, நரம்பும் கிடையாது, ஆகையால் ஒருமுறை துண்டு பெயர்ந்துவிட்டால் அது ஆறாது, வளராது, காலமெல்லாம் நொண்ட வேண்டியதுதான். வயதானவர்களுக்கு இரும்பு மூட்டு வைத்து அனுப்பிவிடுகிறார்கள். நாற்பது வயதுக்காரன் என்ன செய்வான்? அந்த நாற்பது வயதுக்காரனுக்காகத்தான் துளசிமணி தன் அப்பாவின் பம்ப் பட்டறையில் பாதியைத் தடுத்து, வெள்ளைச் சுவர் எழுப்பி, செருப்பைக் கழற்றித் தொப்பி மாட்டிக்கொண்டு போகிற அறையாக்கி, கல்யாணத்தைக்கூடத் தள்ளித் தள்ளிப் போட்டுக் கடைசியில் மறந்தே போய், சட்டைப் பித்தான் அளவில் ஒரு வில்லையைச் செய்தாள். பெயர்ந்த இடத்தில் அதைப் பதித்தால் குருத்தெலும்பு அதைத் தன்னுடையது என்றே நம்பிச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும்.

முதல் வில்லைகளை வார்த்த அன்று அவள் இரண்டு காரியம் செய்தாள், இரண்டும் பட்டறையில் பிறந்தவள் மட்டுமே செய்யக்கூடியவை. ஒன்று, எட்டையும் ஒரே வார்ப்பில் ஊற்றினாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பசை கலக்க வேண்டும் என்று படித்துவிட்டு வந்த பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள். உருக்கை நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் வார்ப்பில் மடிப்பு விழும் என்று நடை பழகும் வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள், ஒரே கிண்ணத்தில் கலக்கியதை எட்டு அச்சிலும் கை எடுக்காமல் ஊற்றி முடித்த பிறகுதான் மூச்சு விட்டாள். இன்னொன்று, எங்கள் பக்கத்துப் பழக்கம். புது மாடல் பம்ப் வார்க்கிற எவரும் முதல் பம்பைத் தன் தோட்டத்துக் கிணற்றில் இறக்கி, அது தண்ணீர் எடுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாவதை வெளியே கொடுப்பார். துளசிமணிக்குத் தோட்டமுமில்லை, கிணறுமில்லை. ஸ்கூட்டரில் விழுந்து ஜவ்வு பெயர்ந்த வலது முழங்கால் ஒன்று இருந்தது. முதல் வில்லையை அதில் வைத்துக்கொண்டாள். அப்படிச் செய்வது முறையில்லை என்று சொன்ன எல்லோருக்கும் காபி கொடுத்து அனுப்பினாள்.

மிச்ச ஏழும் ஏழு பேருக்குப் போயின. காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிற மருதாசலம், பரோட்டா மாஸ்டர் யூசுப் பாய், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சரான பிலோமினா, தையல்கடை கிட்டுசாமி, ஸ்பின்னிங் மில்லில் நாளெல்லாம் நின்றபடி அறுந்த நூலை முடிகிற சுகுணா, இவர்களோடு ஒரு பஸ் கண்டக்டரும் ஒரு கபடிக்காரரும். ஆபரேஷன் செய்த டாக்டர் ஜெகந்நாதன் எல்லோரையும் ஓய்வெடுக்கச் சொல்லி, மெல்ல நடக்கச் சொல்லி, பிறகு அவரவர் வேலைக்குப் போகலாம் என்று உத்தரவு கொடுத்தார்.

மருதாசலம் மண்டிக்குத் திரும்பிய காலையில், லாரியிலிருந்து ஒரு வெங்காய மூட்டையை முதுகில் வாங்கியவர், மூட்டைக்குள் வெங்காயம்தான் இருக்கிறதா என்று இறக்கிவைத்துப் பார்த்தார். இருந்தது. மறுபடி தூக்கினார், தலையணையைத் தூக்குகிற மாதிரி இருந்தது, மேலே இன்னொன்றை வைக்கச் சொன்னார், அதற்கும் மேலே ஒன்றை வைக்கச் சொன்னார், மண்டியே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, மூன்று மூட்டையோடு சீட்டியடித்துக்கொண்டு நடந்தார். அதே நேரத்தில் நகரத்தின் இன்னொரு மூலையில் கிட்டுசாமி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே, "எவன்டா அவன் என்ற மடியில ஏறி ஒக்காந்தது?" என்று கத்தினார். யூசுப் பாய் மாவு பிசைகிற இடத்தில் மெல்லக் குந்திவிட்டார். பிலோமினா டீச்சர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் நின்றுவிட்டார். துளசிமணி கம்பெனியில் கை கழுவிக்கொண்டிருந்தாள், முழங்காலில் யாரோ கை ஊன்றி எழுந்திருப்பதுபோல் ஒரு பாரம் வந்து வந்து போனது.

எல்லோரையும் அழைத்து, நிற்கவைத்து, உட்காரவைத்து, தூக்கவைத்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. எட்டுப் பேரில் யார் நின்றாலும், எதைத் தூக்கினாலும், அந்தப் பாரம் எட்டாகப் பிரிந்து எட்டு முழங்காலிலும் சமமாக உட்கார்ந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, ஸ்கேனில் பார்த்தால் எட்டு ஜவ்வும் கண்ணாடி மாதிரி இருந்தன. டாக்டர் ஜெகந்நாதன் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரே கிண்ணத்துப் பசை இன்னும் தன்னை ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருக்கிறது என்றார். எங்களுக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது, ஒரு வயிற்றில் பிறந்ததுகளே அப்படி நினைக்காத காலத்தில் ஒரு கிண்ணத்தில் பிறந்தது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருத்தனுக்குத் தலைச்சுமை என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்; நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தோம். விடியற்காலையில் லாரி வந்து மருதாசலம் மூட்டை இறக்குகிறவரை மற்ற ஏழு பேரும் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் அவருக்கு முழங்கால் கொடுத்தார்கள், எழுந்திருக்காததற்கு அதுவரை திட்டு வாங்கிய கபடிக்காரர் இப்போது பாராட்டு வாங்கினார். பொழுது சாய்ந்து யூசுப் பாய் பரோட்டாக் கல்லடியில் நிற்கும்போது மருதாசலம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து அவருக்குத் திருப்பிக் கொடுத்தார். கண்டக்டர் ஆளில்லாத டிரிப்பில் சீட்டில் உட்கார்ந்துவிட்டு, ஆளிருக்கிற டிரிப்பில் எல்லோர் முழங்காலிலுமாக நின்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது அந்த எட்டுப் பேருக்குப் பொருந்தாத பழமொழியாகப் போயிற்று. மருதாசலத்தின் மனைவி, புருஷன் மண்டியில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சீட்டாடுகிறாரா என்று தெரிந்துகொள்ள கிட்டுசாமிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவர் ஆண்பிள்ளை தர்மம் என்று ஒருமுறை பொய் சொல்லிப் பார்த்தார், பிலோமினா டீச்சர் உண்மையைச் சொல்லிவிட்டார். தேர்நோன்பித் திருவிழா வந்தபோது அம்மன் சப்பரத்தின் முன்தண்டைக் கபடிக்காரர் தோளில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வரிசையாகக் கல்யாண மண்டப நாற்காலியில் உட்கார்ந்தார்கள், பூசாரி சப்பரத்துக்குக் காட்டிய தீபாராதனையை ஒரு சுற்று அந்த நாற்காலிகளுக்கும் காட்டினார், யூசுப் பாய் அதற்கு மரியாதையாகத் தலையை ஆட்டினார். ஊர் அதை அத்தோடு சாதாரணமாக்கிக்கொண்டது. அவர்களில் ஒருவரைப் பார்த்தால் "காலு எப்படிங்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "கூட்டாளிக எல்லாம் ஒக்காந்திருக்காங்களா?" என்று கேட்கத் தொடங்கினோம்.

மூட்டு வலிக்காரர்கள் கம்பெனி வாசலுக்கே வந்து நிற்க ஆரம்பித்தார்கள், தூரத்து ஊர்களிலிருந்து தடியூன்றி வந்தார்கள், ஆனால் அரசாங்க அனுமதி இல்லாமல் துளசிமணியால் ஒரு வில்லையைக்கூட விற்க முடியாது. அனுமதிக்காக வந்த அதிகாரி பரஞ்சோதி நல்ல மனிதர், கொடுத்த மோரைக் குடித்தார், எல்லாக் கோப்பையும் படித்தார், எட்டுப் பேரையும் நடக்கவிட்டுப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ரிசல்ட் எல்லாம் பிரமாதம், மேடம். ஆனா எட்டுப் பேஷன்ட்டுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு பேஷன்ட்தான் தெரியறார். ஒருத்தர் தேறினதை வெச்சு ஊருக்கெல்லாம் நான் எப்படி அனுமதி கொடுக்கறது?"

"நாங்க எட்டுப் பேருமே நல்லா நடக்கறோமே சார்."

"எட்டுப் பேர் சேர்ந்து நடக்கறாங்க. தனியா நடப்பாங்களான்னு தெரியாது. பிரிச்சு, தனித்தனியா நடக்கவெச்சுக் காட்டுங்க, கையெழுத்துப் போடறேன். கமிட்டி கூடறதுக்குள்ள முடியலைன்னா கோப்பை மூடிடுவாங்க. முதல்லேர்ந்து வரணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் துளசிமணியின் கஷ்டம். கம்பெனிப் பிள்ளைகளும் டாக்டரும் சேர்ந்து ஒரு ஊசி மருந்தைக் கண்டுபிடித்தார்கள், அது மூட்டுக்குள் போனால் வில்லை தன் கூட்டத்தை மறந்து தனியாகிவிடும். ஒரே ஒரு நிபந்தனை, எட்டுப் பேருக்கும் ஒன்றாகப் போட வேண்டும். ஏழு பேர் விலகி ஒருவர் நின்றுவிட்டால் ஏழு பேரும் விட்ட பாரம் போக இடமில்லாமல் அந்த எட்டாவது முழங்காலிலேயே தங்கிவிடும் என்றார் டாக்டர். எல்லோரும் சம்மதித்தார்கள். பழகியதை விடுவது கஷ்டமாகத்தான் இருந்தது, உட்கார்ந்த இடத்திலேயே ஊர்ப் பாரம் சுமந்த கிட்டுசாமிக்கு உள்ளூரச் சந்தோஷம், கபடிக்காரருக்கு வெளிப்படையாகவே சந்தோஷம், ஒற்றைக் காலில் எட்டுப் பேர் ஆடுகிறார்கள் என்று அவரை டீமில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள்.

ஊசி போடுகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கம்பெனிக்கு வந்து செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். எடைக்குத் தகுந்த அளவு மருந்து என்பதால் நர்ஸ் ஒவ்வொருவராக எடை மிஷினில் ஏற்றினாள். கொஞ்ச நாளாகவே எட்டு முழங்காலிலும் ஒரு பாரம் கூடிக்கொண்டு வந்திருந்தது, மருதாசலம் அதற்கு யூசுப் பாயைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பாய் எடை மிஷினைவிட்டு இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களாண்ணே? பழைய எடைதான். நான் பரோட்டா தட்டறதோட சரி, திங்கறதில்ல. அநியாயமா என்னைத் திட்டுனீங்க."

"இல்லீங் பாய், தப்புத்தான்" என்றார் மருதாசலம், ஆனால் அவர் பாயைப் பார்க்கவில்லை, தன் முழங்காலில் கையை வைத்து எதையோ கேட்பதுபோல் நின்றார். "தின்னு ஏறுன எடைன்னா சும்மா கெடக்கோணும். வெங்காயம், பூசணி எல்லாம் வெச்ச எடத்துல கெடக்கும். இது கொஞ்ச நாளா அசையுது. ஆட்டுக்குட்டியத் தோள்ல போட்டா இப்படித்தான் இருக்கும்."

எல்லோரும் ஏறி இறங்கியாயிற்று, சுகுணா மட்டும் சுவரோரம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"நீயும் ஏறும்மிணி" என்றார் மருதாசலம்.

"நான் அப்பறம் ஏறிக்கறனுங்."

"அப்பறம்னா எப்போ? டாக்டர் ஊசிய எடுத்துட்டார் பாரு."

சுகுணா அழத் தொடங்கினாள். "எப்படிங் சொல்லுவேன்? மொத ரெண்டும் தங்கலீங். ரெண்டு தடவையும் சந்தோசத்துல மில்லு பூராச் சொன்னேன், ரெண்டும் போயிருச்சு. இந்தத் தடவ என்ற வீட்டுக்காரருக்கே நாலாம் மாசந்தான் சொன்னேன். வாயத் தொறந்தா இதுவும் போயிருமோன்னு பயமுங்." பிறகு துளசிமணியைப் பார்த்து, "ஊசியப் போட்ருங்கக்கா. என்னால உங்க கம்பெனி நிக்கக்கூடாது. ஆனா போட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதல்லங்?" என்று கேட்டாள்.

டாக்டர் ஜெகந்நாதன் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். ஆகும் என்று அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

துளசிமணியின் தம்பி பிரபாகர், பம்ப் பட்டறையை நடத்துகிறவன், அக்காவின் கனவுக்காகத் தன் பட்டறையில் பாதியை விட்டுக்கொடுத்தவன், அவளை வெளியே அழைத்துப் போனான். ஜன்னல் திறந்திருந்ததால் எங்கள் காதிலும் விழுந்தது.

"பொறக்கறதுக்குள்ள கமிட்டி கூடிருமேக்கா. கோப்பை மூடிருவாங்க. கேட்டுக்கு வெளிய பாரு, எத்தன பேரு நொண்டிட்டு நிக்கறாங்க. ஒரு பிள்ளைக்காக அத்தன பேத்தையும் நிக்க வெக்கப் போறயா?"

"அவங்க நிப்பாங்க பிரபா. இத்தன நாளா நின்னுட்டுத்தான இருக்காங்க. இந்தப் பிள்ளைக்கு நிக்கறதுக்கு வேற எடமில்ல."

கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். ஆனால் சொல்லி முடித்தவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் போய்க் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுததை நாங்கள் பார்த்தோம். இளமையெல்லாம் கொட்டிச் செய்த ஒரு காரியம் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போகிறபோது அழாதவள் மனுஷியா? அழுது முடித்து முகம் கழுவி வந்து, ஊசியையெல்லாம் பத்திரமாக எடுத்துவைக்கச் சொன்னாள். கபடிக்காரர் கொஞ்ச நேரம் உர்ரென்று இருந்தார், பிறகு அவரே சுகுணாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

அன்று தொடங்கி எங்கள் ஊரில் எட்டுப் பேர் பிள்ளைத்தாய்ச்சி. சுகுணா மில்லில் நிற்கிறபோது அவள் பங்குக்கு முடிந்தமட்டும் குறைவாகப் பாரம் விழ வேண்டும் என்று மற்ற ஏழு பேரும் உட்காரப் பழகினார்கள். பிலோமினா டீச்சர் மைதானத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளை ஓடவிட்டார். கண்டக்டர் ஏறியதும், "யாராச்சும் எந்திரிச்சு எடங் குடுங்க, மாசமா இருக்கேன்" என்று கூசாமல் கேட்டார், பஸ்ஸும் எழுந்து இடம் கொடுத்தது. யூசுப் பாய் உயரமான ஸ்டூல் ஒன்றைச் செய்து, அதில் உட்கார்ந்தபடியே பரோட்டா வீசினார், ஒன்றிரண்டு வாடிக்கையாளர் மேலும் விழுந்தது. மருதாசலம் ஒரு மூட்டைக்கு மேல் தூக்க மறுத்தார். கிட்டுசாமி மட்டும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. "பொறந்ததுலேர்ந்து ஒக்காந்தே கெடக்கான்னு என்ற அப்பன் என்னையத் திட்டுச்சு, இன்னைக்கு ஊரே அதைச் சேவைங்குது" என்று காலர் வெட்டிக்கொண்டே அலட்டிக்கொண்டார். துளசிமணி ஆராய்ச்சியையெல்லாம் நாற்காலிக்கு மாற்றிக்கொண்டாள், குனிந்து எழுதும்போது முழங்காலுக்குள் மீன் திரும்புவதுபோல் அந்தப் பாரம் புரளும், அப்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு, அடங்கும்வரை காத்திருப்பாள்.

ஏழாம் மாதம் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும், சுகுணாவுக்குப் பிறந்த வீடென்று யாருமில்லை. ஆகையால் முழங்கால்காரர்கள் ஏழு பேரும் ஏழு தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு அவள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனார்கள், யூசுப் பாய் எலுமிச்சஞ்சோறு, பிலோமினா டீச்சர் தேங்காய்ச்சோறு, துளசிமணி கட்டிய புளிச்சோற்றில் உப்பில்லை, யாரும் சொல்லவில்லை. ஒறம்பரைச் சொந்தம் இத்தனை பேரா என்று அக்கம்பக்கம் கதவைத் திறந்து பார்த்தது. சுகுணாவின் கணவன் கனகராஜ், லேத்தில் வேலை செய்கிற, அதிகம் பேசாத சாது, எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு, ஒவ்வொருவராக அவர்களின் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்தக் கூச்சத்தைச் சமாளிக்க எல்லோரும் அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

எட்டாம் மாதம் பிறந்த கொஞ்ச நாளில் சுகுணாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியதென்று பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். படுத்துவிட்டால் பாரமில்லை, எட்டு முழங்காலும் அமைதியாக இருந்தன. ஒரு காலை நேரத்தில், மண்டியில் வியாபாரம் சூடு பிடித்திருக்கும்போது, மருதாசலம் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். சுகுணா எழுந்து நிற்பது தெரிந்தது, மெல்ல, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் நிற்கிற விதம் மற்ற ஏழு பேருக்கும் அத்துப்படி. சுகுணா நின்றாள், சுகுணா மட்டும் நின்றாள். அசைகிற அந்தப் பாரம் அவளிடம் இல்லை.

அவர்களுடைய வாட்சப் குழுவில் காலை வணக்கம்கூட யாரும் போடவில்லை. கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை. கடைசியில் யூசுப் பாய்தான் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று கனகராஜைப் பிடித்தார்.

"பொட்டப்புள்ள பாய். ஏழு மாசத்துப் புள்ளையாட்டம் இருக்கு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க" என்றான் கனகராஜ். "இருக்கு. அவ்வளவுதான் சொல்றாங்க. தொடக்கூட விடலீங்."

அந்த நாட்களில் எட்டு முழங்காலும் இறகாக இருந்தன, ஒருவருக்கும் அந்த லேசு பிடிக்கவில்லை. பிலோமினா டீச்சர் சும்மா மைதானத்தைச் சுற்றி நடந்தார். மருதாசலம் தேவையில்லாமல் மூட்டை மேல் மூட்டை ஏற்றிக்கொண்டார், யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை, எந்தப் பாரமாவது இருந்தால் தேவலை என்று இருந்தது. துளசிமணி பேனாவை வைத்துவிட்டு, அந்தப் பாரம் புரளுமா என்று காத்துக்கொண்டிருந்தாள். பெறாத பிள்ளைக்கு இப்படி உருகுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன் என்று பிரபாகரிடம் சொன்னாள். அவன் கமிட்டி கூட்டத்துக்குச் சென்னை போக அவளுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான்.

கமிட்டி அறையில் நீள மேஜை, மேஜையைச் சுற்றிப் படித்தவர்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பரஞ்சோதி கோப்பைத் திறந்துவைத்து, பிரிப்பு ஊசி தயாராக இருந்தும் ஒருத்தி கர்ப்பமானதால் இன்னும் போடவில்லை என்பதைக் குறை சொல்லாத குரலில் எடுத்துச் சொன்னார். துளசிமணி பதில் சொல்ல எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் வழியில் யோசித்து வைத்திருந்தாள், முதல் வாக்கியத்தையும் சரியாகவே தொடங்கினாள், நடுவில் நிறுத்திவிட்டாள்.

சுகுணா எழுந்து நிற்கிறாள். ஒரு கையை எங்கோ ஊன்றி, கால் மாற்றி வைத்து, நிமிர்ந்து நிற்கிறாள். இதுவரை பழகிய பாரம்தான். அதற்குமேல், யாரோ மிக ஜாக்கிரதையாகக் கொண்டுவந்து வைப்பதுபோல், இன்னும் கொஞ்சம் வந்து உட்கார்ந்தது. ஒரு கணம் வைத்த இடத்தில் கிடந்தது. பிறகு அது அசைந்தது. இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது, மறுபடி இடது பக்கம்.

அந்த நேரத்தில் மண்டியில் மருதாசலம், "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தியதையும், யூசுப் பாய் ஸ்டூலிலிருந்து குதித்து எதிரில் வந்தவரைக் கட்டிப்பிடித்ததையும், பிறந்ததிலிருந்து உட்கார்ந்தே கிடந்த கிட்டுசாமி தையல் மிஷினைத் தள்ளிக்கொண்டு எழுந்து நடுரோட்டுக்கு வந்து நின்று அழுததையும் நாங்கள் பார்த்தோம். சென்னையில் நடந்ததைப் பார்க்க நாங்கள் இல்லை, பிறகு பரஞ்சோதியே வந்து சொன்னார். அந்த அறையில் துளசிமணி இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டு நின்றாளாம்.

"மேடம், முழங்கால் வலிக்குதா? உட்காருங்க" என்றார் அவர்.

"வலி இல்லீங் சார். பிள்ளையத் தூக்கிட்டாங்க."

கடைசி நாற்காலியில் இருந்த அம்மாள் ஒருவர் கேட்டார். "எத்தனை கிலோ இருக்கு?"

"என்ற பங்கு மட்டுந்தான் எனக்குத் தெரியுதுங்க மேடம். கால் கிலோ தக்காளி இருக்கும்."

அந்த அம்மாள் மனதுக்குள் எட்டால் பெருக்கிப் பார்த்து, "பரவால்லையே, தேறிடும்" என்றார்.

பரஞ்சோதி கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப நல்லதாப் போச்சு. குழந்தை வெளியே வந்தாச்சு. இனி ஊசி போடறதுக்குத் தடையில்லை. போடறதுன்னா சொல்லுங்க, கமிட்டியில பேசிக் கோப்பைத் திறந்தே வைக்கச் சொல்றேன். உங்களுக்கு இத்தனை வருஷ உழைப்பு, மேடம்."

துளசிமணி வாசலில் தடியூன்றி நின்றவர்களை நினைத்தாள், தம்பியை நினைத்தாள், மருதாசலத்தை, பாயை, மில்லில் நாளெல்லாம் நிற்கப் போகிற சுகுணாவை நினைத்தாள். முழங்காலில் பாரம் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

"மூடிருங்க சார்" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை என்று பரஞ்சோதி சொன்னார். "ஊசி போடறதாயில்ல. அந்தப் பிள்ளை நடக்கற வரைக்கும் யாராச்சும் தூக்கிட்டு நிக்கோணுமல்ல? அதுக்கப்பறமும் அது எங்கயாச்சும் விழும், எந்திரிக்கும். நாங்க எட்டுப் பேரும் அப்படியே இருந்துக்கறோம். நான் மொதல்லேர்ந்து வர்றேன். ஒவ்வொரு வில்லைக்கும் ஒவ்வொரு கிண்ணம் வெச்சுத் தனித்தனியா ஊத்திக் கொண்டுவர்றேன். இந்தத் தடவ இத்தன வருசம் ஆகாதுங், வழி தெரிஞ்சு போச்சு. வாசல்ல நிக்கறவங்கள நானே போய்ப் பாத்துச் சொல்லிக்கறேன்."

பரஞ்சோதி கோப்பை மூடி, நாடாவைக் கட்டி, எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். துளசிமணி உட்காரவில்லை. பிள்ளை இன்னும் தூங்கியிருக்கவில்லை.